பத்தியமும் காப்பியும்



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பணிபுரிந்தவன் நான். அவற்றுள் கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியனாக இருந்தேன். கரும்பலகைக்கு முன் நின்று பேசிப் பழகிய எனக்கு, கேட்பவர்களின் முகம் தெரியாமல் பேசுவது சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. வகுப்பில் கடைசிப் பெஞ்சிலே ஒருவன் கொட்டாவி விட்டால், பாடம் நீண்டுவிட்டது என்று தெரிந்துகொள்வேன். இங்கே அந்த உதவி இல்லை. ஆகையால் நானே ஓர் எல்லை கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். உடம்பின் எடையைக் குறைப்பதற்காக உணவுப் பத்தியம் இருப்பவர்கள் காப்பியும் தேநீரும் அருந்தலாமா, கூடாதா என்ற ஒரு வினாவைப் பற்றி மட்டுமே பேசப்போகிறேன்.

நான் மருத்துவன் அல்லன்; கணக்கு வாத்தியார். ஆயினும் இந்த வினாவுக்கு விடை காண ஏறத்தாழ ஓராண்டு என் உடம்பையே சோதனைச்சாலையாக்கிக் கொண்டவன். அந்தச் சோதனையில் நான் செய்த பிழைகளில் ஒன்றின் பலனை நான் அனுபவிக்கவில்லை. என் மனைவி அனுபவித்தாள். அதைச் சொல்வதற்காகவே இந்தப் பேச்சுக்கு ஒப்புக்கொண்டேன்.

பணியில் இருந்தவரை என் கால்கள் ஓய்ந்ததில்லை. வகுப்புக்கு வகுப்பு நடப்பதும், மாடி ஏறி இறங்குவதும், பிரார்த்தனை வேளையில் வெயிலில் நிற்பதும் தேகப்பயிற்சி என்று அப்போது தோன்றவில்லை. ஓய்வு பெற்ற பிறகு நடை நின்றது, நாவு நிற்கவில்லை. சில ஆண்டுகளில் 165 சென்டிமீட்டர் உயரமுள்ள நான் 84 கிலோ எடையை எட்டிவிட்டேன். இரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் சென்றேன். அவர் என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்தவர். தாளைப் பார்த்துவிட்டு, “ஐயா, சர்க்கரை வியாதி இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறது. அது உள்ளே வராமல் இருக்க வேண்டுமானால் தாங்கள் எடையைக் குறைக்க வேண்டும்” என்றார்.

இந்த நிலைமை எனக்கு மட்டும் உரியது அன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். எனவே இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களிலும் பலருக்கு இந்தக் கவலை இருக்கக்கூடும்.

டாக்டர் அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். சோறு எவ்வளவு, இட்டலி எத்தனை, எண்ணெய் எவ்வளவு, காய்கறி எவ்வளவு என்றெல்லாம் அதில் இருந்தது. காப்பியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நானும் கேட்கவில்லை. வகுப்பில் சில பையன்கள் கையைத் தூக்காமல் குனிந்தபடியே இருப்பார்கள். கேட்டால் விடை வந்துவிடுமே என்ற பயம். அந்தப் பயம் எத்தகையது என்பதை அறுபத்து மூன்று வயதில் நான் கண்டுகொண்டேன்.

டாக்டரிடம் கேட்காத வினாவை மாலை நேரத்துப் பூங்காவில் நண்பர்களிடம் கேட்டேன். அங்கே இரு கட்சிகள் இருந்தன. ஒருவர், காப்பி விஷம் என்றார். நம் பாட்டன்மார் காலையில் நீராகாரம் அருந்திவிட்டு ஏர் பிடித்தார்கள், வெள்ளைக்காரன் வந்துதானே இந்தக் கறுப்புத் தண்ணீரைப் பழக்கினான் என்று சினந்தார். காந்தியடிகளையும் துணைக்கு அழைத்தார். காந்தியடிகள் 1942-இல் ஆகாகான் மாளிகையில் சிறையிருந்தபோது உடல்நலம் குறித்து ஒரு சிறு நூல் எழுதினார். தேநீர், காப்பி, கோக்கோ ஆகிய மூன்றுமே உடம்புக்குத் தேவையில்லை என்பது அதில் அவர் கண்ட முடிவு. மற்றொரு நண்பரோ இதற்கு நேர்மாறான கட்சி. பாலும் சர்க்கரையும் இல்லாத கடுங்காப்பி கொழுப்பை எரித்துவிடும் என்றும், வேளைக்கு ஒரு டம்ளர் குடித்தால் உணவே வேண்டியதில்லை என்றும் அவர் கைபேசியில் பார்த்ததாகச் சொன்னார்.

இரண்டையும் செய்து பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

முதலில் காப்பியை அடியோடு நிறுத்தினேன். நாளொன்றுக்கு ஐந்து டம்ளர் அருந்தி வந்தவன் திடீரென்று ஒன்றுமில்லாமல் நின்றேன். முதல் நாள் பிற்பகலில் நெற்றிப்பொட்டில் வலி தொடங்கியது. இரண்டாம் நாள் தலையைத் தூக்க முடியவில்லை. செய்தித்தாள் தாமதமாக வந்தது என்று, அதைப் போடுகிற சிறுவனைக் கடிந்துகொண்டேன். மூன்றாம் நாள் என் மனைவி, “தலைவலி உங்களுக்கு, ஆனால் அதை அனுபவிப்பது நாங்கள்” என்று சொல்லி, டவராவில் ஒரு வாய் காப்பி கொண்டுவந்து வைத்தாள். கால் மணி, அரை மணிக்குள் உலகம் சீர்ப்பட்டுவிட்டது.

இது மன பலவீனம் அன்று என்பதைப் பிறகு படித்து அறிந்தேன். காப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபீன் என்னும் பொருளை 1819-இல் ஜெர்மனியில் ரூங்கே என்ற இளம் வேதியியல் அறிஞர் பிரித்தெடுத்தார். இதைப் பிரித்துப் பார் என்று அவர் கையில் காப்பிக்கொட்டையைக் கொடுத்தவர் புகழ்பெற்ற கவிஞரான கதே என்பது சுவையான செய்தி. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சிறிது சிறிதாகச் சேர்ந்து, ‘போதும், ஓய்வெடு’ என்று அறிவிக்கிறது. அந்தப் பொருள் வந்து அமர வேண்டிய இடங்களில் காஃபீன் முந்திக்கொண்டு அமர்ந்துவிடுகிறது. களைப்பு நீங்குவதில்லை; களைப்பின் செய்திதான் வந்து சேருவதில்லை. நாள்தோறும் குடிப்பவர்களின் மூளை இந்த ஏற்பாட்டுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கி, ஓரிரு நாளில் உச்சத்தை அடைந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் தணியும். ஆகவே விட விரும்புகிறவர்கள் படிப்படியாக விடுவதே நல்லது. பத்தியம் தொடங்குகிற அன்றே காப்பியையும் வெட்டினால், அந்தத் தலைவலியைப் பத்தியத்தின் குற்றம் என்று எண்ணி இரண்டையும் ஒருசேரக் கைவிட்டுவிடுவோம். என் முதற்பத்தியம் நான்காம் நாள் முடிந்ததற்குக் காரணம் இதுவே.

அடுத்தது இரண்டாம் நண்பரின் வழி. காலைச் சிற்றுண்டிக்குப் பதில் கடுங்காப்பி. இரவு ஒன்பது மணிக்குப் பசித்தால் மீண்டும் கடுங்காப்பி. முதல் வாரம் வெற்றி முழக்கமிட்டேன். பசி உண்மையிலேயே மங்கியிருந்தது. இரண்டு கிலோ குறைந்தது. இரண்டாம் வாரம் நெஞ்செரிச்சல் வந்தது. இரவில் உறக்கம் வரவில்லை. காஃபீன் நம் உடம்பில் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது கூடும், குறையும். இரவு ஒன்பது மணிக்குக் குடித்தவனுக்கு விடியற்காலை இரண்டு மணியிலும் பாதிக் காஃபீன் உள்ளேயே இருக்கிறது. உறக்கமில்லாதவன் என்ன செய்வான்? எழுந்து நடப்பான். எங்கே நடப்பான்? சமையலறைக்கு நடப்பான். முறுக்கு டப்பாவின் மூடியை ஓசைப்படாமல் திறக்கும் கலையை அந்த நாட்களில் நன்கு பயின்றேன். ஒளிந்து நின்ற பசி இரவில் வட்டியோடு வசூல் செய்துகொண்டது. உறக்கம் குறைந்தவர்களுக்கு மறுநாள் பசி மிகும் என்பதும், இனிப்பும் கொழுப்பும் கலந்த பண்டங்களையே மனம் தேடும் என்பதும் ஆராய்ச்சியாளர்கள் கண்ட உண்மைகள். ஒரு நாள் காலை, குளித்துவிட்டு வரும்போது தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அத்தோடு அந்தச் சோதனையும் முடிந்தது.

காப்பி கொழுப்பை எரிக்கும் என்ற கூற்றில் உண்மையே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. எவ்வளவு என்பதுதான் கேள்வி. 1989-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 100 மில்லிகிராம் காஃபீன், அதாவது ஏறத்தாழ ஒரு நல்ல டம்ளர் காப்பியில் உள்ள அளவு, சும்மா இருக்கும் உடம்பின் ஆற்றல் செலவை இரண்டரை மணி நேரத்துக்கு நூற்றுக்கு 3 முதல் 4 வரை உயர்த்தியதாகக் கண்டார்கள். இனி கணக்குப் போடுவோம். உணவின் ஆற்றலைக் கலோரி என்ற அலகால் அளக்கிறோம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும் என்று வைத்துக்கொண்டால், இரண்டரை மணி நேரத்துக்கு 150 கலோரி. அதில் நூற்றுக்கு 4 என்றால் 6 கலோரி. அரைத் தேக்கரண்டிச் சர்க்கரையில் இருப்பது 10 கலோரி. காப்பி எரித்துக்கொடுக்கும் கொழுப்பைக் கால் தேக்கரண்டிக்குச் சிறிது கூடுதலான சர்க்கரை திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இந்தக் கணக்கைப் பூங்காவில் அந்த நண்பரிடம் மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினேன். அவர் கைபேசியை மீண்டும் பார்த்துவிட்டு, அதில் அப்படிச் சொல்லவில்லையே என்றார்.

மண்ணில் எழுதிய அந்தக் கணக்குதான் எனக்கு வழி காட்டியது. காப்பி நல்லதா கெட்டதா என்று வழக்காடுவதை விட்டு, என் டம்ளரில் என்ன இருக்கிறது என்று அளந்து பார்த்தேன். அளவு ஜாடியைக் கொண்டு அளந்தபோது என் மனைவி சிரித்தாள். 150 மில்லிலிட்டர் கொள்ளும் டம்ளரில் டிகாக்‌ஷன் மூன்றில் ஒரு பங்கு. பால் 100 மில்லிலிட்டர். சர்க்கரை இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 கிராம். டிகாக்‌ஷனில் கலோரி இல்லையென்றே சொல்லலாம். பாலில் ஏறத்தாழ 70, சர்க்கரையில் 40, ஆக 110. நாளைக்கு ஐந்து டம்ளர் என்றால் 550 கலோரி. ஓர் இட்டலிக்கு 60 கலோரி என்று கொண்டால், இது ஒன்பது இட்டலிக்குச் சமம். நானோ காலையில் ஐந்து இட்டலியை மூன்றாகக் குறைத்துவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்! இரண்டு இட்டலியை வாசல் வழியாக அனுப்பிவிட்டு ஒன்பது இட்டலியைக் கொல்லைப்புறமாக உள்ளே அழைத்துக்கொண்டிருந்தவன் நான்.

சர்க்கரையை மட்டும் தனியே பாருங்கள். நாளைக்கு 50 கிராம். ஆண்டுக்குப் பதினெட்டேகால் கிலோ. ஒருவர் நாள் முழுவதும் உண்ணும் எல்லாப் பண்டங்களிலும் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட யோசனை. என் காப்பியிலேயே அதைப்போல் இரு மடங்கு. நாட்டுச் சர்க்கரையோ கருப்பட்டியோ போட்டுக்கொண்டால் குற்றமில்லை என்று நம் தாய்மார்கள் பலர் நம்புகிறார்கள். மணமும் சுவையும் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கலோரிக் கணக்கில் ஏறத்தாழ இரண்டும் ஒன்றே.

இந்த மூன்றாம் முறையில் நான் காப்பியை விடவில்லை. ஐந்தை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து இரண்டில் நிறுத்தினேன். காலை ஆறு மணிக்கு ஒன்று. மாலை மூன்றரை மணிக்கு ஒன்று. அதற்குப் பிறகு இல்லை. பாலைக் கொழுப்புக் குறைந்ததாக்கி, அளவையும் பாதியாக்கினேன். சர்க்கரையை இரண்டு கரண்டியிலிருந்து ஒன்றரை, ஒன்று, அரை என்று இரண்டு மாதத்தில் இறக்கினேன். நாக்கு நல்ல மாணாக்கன். மெதுவாகச் சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்கிறது. இப்போது யாரேனும் சர்க்கரை போட்டுக் கொடுத்துவிட்டால் பாயசம் போல் இருக்கிறது. ஒரு நாள் காப்பிக் கணக்கு 550-லிருந்து 60-ஆகக் குறைந்தது. காகிதக் கணக்கின்படி ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி. அப்படியானால் பதினாறு நாளைக்கு ஒரு கிலோ குறைய வேண்டும். எட்டு மாதத்தில் பதினைந்து கிலோ. எனக்குக் குறைந்தது ஆறு. உடம்பு கரும்பலகை அன்று. எடை குறையக் குறைய அது தன் செலவையும் குறைத்துக்கொள்கிறது. நாமும் நம்மை அறியாமல் வேறிடத்தில் ஒரு பிடி கூட்டிக்கொள்கிறோம். ஆயினும் ஆறு கிலோ என்பது சிறிது அன்று. என் முழங்கால்கள் அதை ஒவ்வொரு படியிலும் சொல்கின்றன.

இதில் எனக்கு மிகவும் தொல்லை கொடுத்தது நாவு அன்று, உறவினர் வீடுகள். ஒரு வீட்டுக்குப் போனால் காப்பி தராமல் அனுப்புவது அவர்களுக்குக் குறை. தந்ததைக் குடிக்காமல் வருவது நமக்குக் குறை. “சர்க்கரை இல்லாமல் கொடுங்கள்” என்றால், “ஒரு நாளைக்கு என்ன ஆகிவிடும்?” என்பார்கள். திருமண மாதங்களில் அந்த ஒரு நாள் வாரத்துக்கு நான்கு முறை வரும். முதல் விசாரிப்பு முடிவதற்குள் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிடுவது என் உபாயம். கையில் ஒரு டம்ளர் இருக்கிறவனுக்கு இன்னொரு டம்ளர் சற்றுத் தாமதமாகத்தான் வரும். எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட பிழைக்கு வருகிறேன்.

நான் பத்தியம் தொடங்கியபோது என் மனைவியும் தொடங்கிவிட்டாள். யாரும் அவளை இருக்கச் சொல்லவில்லை. எனக்கு ஒரு சமையல், தனக்கு ஒரு சமையல் என்று செய்ய அவளுக்கு மனமில்லை. எனக்குச் சோறு குறைந்தபோது தனக்கும் குறைத்துக்கொண்டாள். பருப்பும் கீரையும் கடைசியில் எவ்வளவு மிஞ்சியதோ அவ்வளவுதான் அவள் இலையில். பசி அடங்குவதற்காக, கை கழுவியவுடன் ஒரு பெரிய டம்ளர் தேநீர். அவளுக்குக் காப்பியைவிடத் தேநீரிலேயே பிரியம். காலை உணவு முடிந்ததும் ஒன்று. மதிய உணவு முடிந்ததும் ஒன்று. இரவுப் பலகாரம் முடிந்ததும் ஒன்று. நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் எடையைக் குறிப்பேட்டில் எழுதிவந்தேன். அந்தக் குறிப்பேட்டில் அவளுக்கென்று ஒரு பக்கமும் இல்லை.

ஐந்தாம் மாதம், மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கியவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. வயதாகிறதல்லவா என்றாள். நானும் ஆமாம் என்றேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே காய்ச்சலைக் கண்டுபிடித்தவன், எதிரே அமர்ந்து நாள்தோறும் பரிமாறுகிறவளின் முகம் வெளுத்திருப்பதைக் காணவில்லை. ஊரிலிருந்து வந்த எங்கள் மகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “அம்மா ஏன் இப்படி இருக்கிறாள், அப்பா?” என்று கேட்டாள். மறுநாள் இரத்தம் சோதித்தோம். பெண்களுக்கு 12 கிராம் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8.2 இருந்தது.

டாக்டர் உடனே தேநீரின்மேல் பழி போட்டுவிடவில்லை. இந்த வயதில் இரத்த சோகை என்றால், எங்கேனும் உள்ளே இரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லி, அதற்கான பரிசோதனைகளைச் செய்வித்தார். அந்தப் பத்து நாட்கள் எப்படிக் கழிந்தன என்பதை இங்கே விவரிக்க விரும்பவில்லை. அப்படி ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. இரும்புச் சத்துக் குறைவு என்று முடிவாகி, மாத்திரை கொடுத்தார். ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோது அளவு எதிர்பார்த்தபடி ஏறவில்லை. டாக்டர் சற்று யோசித்துவிட்டு, “மாத்திரையை எதோடு விழுங்குகிறீர்கள், அம்மா?” என்று கேட்டார்.

“தேநீரோடுதான், தம்பி. வெறும் தண்ணீரில் விழுங்கினால் குமட்டுகிறது” என்றாள் அவள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

தேயிலையிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள், கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு, குடல் அதை உறிஞ்சாதபடி செய்துவிடுகின்றன. 1983-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உணவோடு ஒரு கோப்பைக் காப்பி குடித்தபோது உடம்பில் சேரும் இரும்பு நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. தேநீர் குடித்தபோது 64 பங்கு குறைந்தது. இன்னொரு செய்தியும் அதில் உண்டு. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் குடித்த காப்பியால் தீங்கு இல்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்ததோ, உணவோடு சேர்த்துக் குடித்தது போலவே இரும்பைத் தடுத்தது. நிறைய உண்பவருக்கு இந்த இழப்பு பெரிதாகத் தெரியாமல் போகலாம். உண்பதே குறைவு என்றான பிறகு, அந்தக் குறைவிலும் பாதிக்குமேல் பறிபோனால் என்ன மிஞ்சும்? பத்தியம் இருப்பவர்கள், அவர்களிலும் பெண்கள், கவனிக்க வேண்டிய இடம் இதுவே. முன்பு சொன்ன அதே கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்த சோகை இருந்தது. எடை கூடியிருப்பவர்களுக்கு இரத்தம் குறைவாக இருக்காது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் ஒரே உடம்பில் குடியிருக்கக்கூடும்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறிகளில், உணவுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் காப்பியும் தேநீரும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. எங்கள் டாக்டர், சாப்பிட்ட பிறகு இரண்டு மணி நேரம் விடச் சொன்னார். அதே நெறிகளில் காஃபீனுக்கும் ஓர் எல்லை உண்டு: நாளைக்கு 300 மில்லிகிராம். 150 மில்லிலிட்டர் வடித்த காப்பியில் 80 முதல் 120 வரையிலும், உடனடிக் காப்பியில் 50 முதல் 65 வரையிலும், தேநீரில் 30 முதல் 65 வரையிலும் காஃபீன் இருக்கும் என்பது அவர்கள் தரும் கணக்கு. நம் வீட்டு டிகாக்‌ஷனை இப்படித் துல்லியமாக அளக்க இயலாது. பொடியில் சிக்கரி எவ்வளவு என்பதைப் பொறுத்து அது மாறும். சிக்கரி ஒரு வேர். அதில் காஃபீன் இல்லை. காப்பித் தூளில் நூற்றுக்கு 49 பங்கு வரை அதைக் கலக்கச் சட்டம் இடம் தருகிறது. கலந்த விகிதம் பொட்டலத்தின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். நாற்பது ஆண்டுகளாக ஒரே கடையில் பொடி வாங்கிய நான், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தது சென்ற ஆண்டுதான்.

கருவுற்ற தாய்மார்கள் இந்த அளவைவிடக் குறைவாகவே அருந்த வேண்டும். அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டு நடப்பார்களாக. இதய நோய், நெஞ்செரிச்சல், உறக்கமின்மை உள்ளவர்களுக்கும் இதையே சொல்வேன். இன்னும் ஒன்று. தைராய்டுச் சுரப்பி குறைவுக்காகக் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்கும் பெண்கள் இந்நாளில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள் போலும். எடை கூடுவதற்கு அந்தக் குறைவும் ஒரு காரணம். அவர்களில் பலர் மாத்திரையை வாயில் போட்ட கையோடு காப்பி டம்ளரை எடுக்கிறார்கள். காப்பி அந்த மருந்து உடம்பில் சேருவதைக் குறைக்கும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை. என் தங்கையிடம் இதைச் சொன்னபோது, “அந்த ஒரு மணி நேரம் நான் உயிரோடு இருக்க வேண்டாமா, அண்ணா?” என்று கேட்டாள். இப்போது மாத்திரையை விழுங்கிவிட்டுக் கோலம் போடப் போகிறாள், கோலம் பெரிதாகிவிட்டது.

என் மனைவி தேநீரை விடவில்லை. விடும்படி டாக்டர் சொல்லவும் இல்லை. எட்டரை மணிக்குக் காலை உணவு. பதினொரு மணிக்குத்தான் தேநீர். மதியச் சாப்பாட்டுக்குப் பின் நான்கு மணிக்கு மற்றொன்று. இரவில் இல்லை. மாத்திரையை எலுமிச்சம்பழச் சாறு பிழிந்த தண்ணீரில் விழுங்குகிறாள். எலுமிச்சையும் நெல்லிக்காயும் இரும்பைச் சேர்த்துக்கொடுப்பவை. கீரையும் பருப்பும் இப்போது முதலில் அவளுக்குத்தான் பரிமாறப்படுகின்றன, பரிமாறுகிறவன் நான். ஐந்து மாதத்தில் 8.2 என்பது 11.6 ஆயிற்று. குறிப்பேட்டில் அவளுக்கும் ஒரு பக்கம் திறந்திருக்கிறேன்.

சென்ற மாதம் இருவரும் டாக்டரிடம் போயிருந்தோம். என் சர்க்கரை வாசற்படியை விட்டு ஓரடி பின்வாங்கியிருப்பதாக அவர் சொன்னார். பிறகு, “இப்போது நாளைக்கு எத்தனை காப்பி, ஐயா?” என்று கேட்டார். முன்பு நான் கேட்கப் பயந்த வினாவை அவரே கேட்டுவிட்டார்.

“இரண்டு” என்றேன்.

“இரண்டரை” என்று திருத்தினாள் என் மனைவி.

அந்த அரை, பதினொரு மணிக்கு அவளுடைய டம்ளரிலிருந்து நான் வாங்கிக் குடிப்பது. அது தேநீர்தான், காப்பி அன்று. அதில் அரைத் தேக்கரண்டிச் சர்க்கரை உண்டு. அதையும் அன்றைக்கே குறிப்பேட்டில் எழுதிவிட்டேன்.